எண்பத்தெட்டரைக் கிலோ

பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கும் இந்தப் பெண்ணுக்கு மூன்று பெயர். வீட்டில் பெரியவள், பின்னால் ஒரு தங்கை பிறந்ததால் வந்தது. பள்ளியில் லாரி, ஏன் என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். கல்லூரியில் கடந்த ஆறு மாதமாக நங்கூரம். லாரி என்று யாராவது கூப்பிட்டால் காது கேளாதவள் போலக் குனிந்துகொண்டு போவாள். நங்கூரம் என்று கூப்பிட்டுப் பாருங்கள், மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவாள்.

அவளுடைய அம்மா தையல்காரி. மகளுக்கு எதைத் தைத்தாலும் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பாள், பின்னால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. பாசம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பள்ளியில் உடல்நல அட்டைக்கு எடை பார்த்த அன்று அம்மா நர்ஸின் காதருகே போய், "அஞ்சு கிலோ குறைச்சு எழுதிக்கோங்கம்மா, பொம்பளப் பிள்ளை" என்று சொன்னது மகளுக்குக் கேட்டுவிட்டது. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அட்டையில் குறைந்த அந்த ஐந்து கிலோ அவள் மனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன்பின் குழுப் படம் எடுத்தால் கடைசி வரிசையின் ஓரம். நாடகம் போட்டால் திரை இழுக்கிற வேலை.

கல்லூரிக்கு வந்தும் அப்படியே ஓரமாகத்தான் போயிருப்பாள். ஒருநாள் துறை அலுவலகத்து இரும்பு அலமாரியை நாலு பேர் படிக்கட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே பிடித்திருந்தவருக்குக் கை வழுக்கியது. பின்னால் வந்துகொண்டிருந்த இவள் பையைப் போட்டுவிட்டு அலமாரியின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அலமாரி நின்றுவிட்டது. கீழே இருந்து ஒல்லியாக ஒருத்தி கைதட்டிக்கொண்டே மேலே வந்தாள். அவளும் இரண்டாம் ஆண்டுதான், எல்லோரும் குருவி என்பார்கள்.

"ஏய், நீ எவ்வளவு எடை?"

இப்படி முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. முகமெல்லாம் சூடாகி, "எண்பத்தெட்டு" என்றாள்.

"ஐயோ, சூப்பர்! எங்க டீமுக்கு வா!"

பிறந்ததிலிருந்து அந்த எண்ணுக்கு யாரும் சூப்பர் சொன்னதில்லை. அன்று மாலையே கயிறு இழுக்கும் அணியில் சேர்ந்துவிட்டாள்.

கயிறு இழுப்பது வெறும் முரட்டுத்தனம் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. எட்டுப் பேர் ஒரே மூச்சில் குதிகாலைப் பதிக்க வேண்டும், ஒரே நொடியில் சாய வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினால் எட்டுப் பேரும் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். கடைசி ஆள்தான் நங்கூரம். கயிறு அக்குள் வழியாக வந்து முதுகைச் சுற்றித் தோளில் இறங்கும். எதிராளியின் முகம் அவளுக்குத் தெரியாது. தன் அணியின் ஏழு முதுகுகள்தான் தெரியும். ஆறு மாதத்தில் அந்த முதுகுகளை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். முதல் ஆளாக நிற்கும் கேப்டன் அக்கா பாய்வதற்கு முன் கழுத்தை உள்ளே இழுப்பாள். நடுவில் நிற்கும் இயற்பியல்காரிக்கு விஞ்ஞானி என்று பெயர். அவளுடைய இடது தோள் ஏறினால் மூச்சு முடிந்தது என்று அர்த்தம். குருவியின் முதுகை மட்டும் இவள் பார்த்ததே இல்லை. ஐம்பத்து நாலு கிலோக்காரி உபரி ஆள்தானே! கயிற்றுக்குப் பக்கவாட்டில் நடந்துகொண்டே தாளம் கொடுப்பாள், "பிடி... உக்காரு... இழு!" என்று. அது அவள் வேலை.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். "எங்க லிஃப்ட்ல எட்டுப் பேர், ஐந்நூத்தி நாப்பத்தி நாலு கிலோன்னு போட்டிருக்கும். உங்க டீம் படியிலதான் போகணும்" என்று சிரிப்பார். வீட்டில் அவளுடைய எடையைச் சொல்லி எல்லோரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான் முதல்முறை. அவளும் சிரித்தாள். போட்டியில் எட்டுப் பேருக்கும் சேர்த்து உச்சவரம்பு ஐந்நூற்று அறுபது. இவர்கள் மிகச் சரியாக ஐந்நூற்று அறுபது. அந்தக் கணக்கோடு மூன்று கல்லூரிகளை இழுத்துப்போட்டு இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

வந்த இடத்தில்தான் வினை. பரீட்சை விடுமுறையில் ஆளுக்கு அரைக் கிலோ ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். இறுதிப் போட்டியன்று காலை கேப்டன் ஒவ்வொருத்தியாக நிறுத்திப் பார்த்தாள். கூட்டினால் ஐந்நூற்று அறுபத்து நாலு.

"யாராவது ஒருத்தி விலகினா குருவி உள்ள வரலாம்," என்றாள் கேப்டன். "யாரு?"

ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். நங்கூரமும் தரையைத்தான் பார்த்தாள். அதை மறைத்து அவளுக்கு நான் நல்ல பெயர் வாங்கித் தரப் போவதில்லை. ஆறு மாதக் கனவு, யார் விடுவார்கள்? குருவி மட்டும் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கேப்டனே ஒரு வழி சொன்னாள். எடை பார்க்கிறவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பெயரைக் கூப்பிடுவார், எண்ணை எழுதுவார், நீட்டிய மணிக்கட்டில் ஊதா மையில் 'எடை சரி' என்று முத்திரை குத்துவார். நங்கூரத்தின் பெயரைக் கூப்பிடும்போது குருவி ஏறி நிற்கட்டும். பிறகு முத்திரையை ஒற்றி இவள் கைக்கு மாற்றிவிடலாம். நங்கூரம் நிற்பது கடைசியில், நடுவரின் கண் நடுக்கோட்டில்.

"உன்னை விட்டா நாங்க இல்லடி," என்றாள் கேப்டன். அந்த ஒரு வார்த்தைக்கு நங்கூரம் மலையிலிருந்து குதிக்கச் சொன்னாலும் குதித்திருப்பாள். தலையாட்டினாள்.

எல்லாம் சொன்னபடியே நடந்தது. குளியலறையில் குருவியின் மணிக்கட்டை ஈரமாக்கி நங்கூரத்தின் மணிக்கட்டில் அழுத்தினார்கள். எழுத்து இடவலமாகத் திரும்பி விழுந்தது!

"ரெண்டு தடவை திருப்பினா நேராயிடும்," என்றாள் விஞ்ஞானி. இதற்காவது இயற்பியல் உதவியதே. கழுவிவிட்டு, குருவியின் கையிலிருந்து கேப்டனின் உள்ளங்கைக்கும், அங்கிருந்து நங்கூரத்தின் மணிக்கட்டுக்கும் ஒற்றினார்கள். இந்தமுறை நேராகவே விழுந்தது. எட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குருவியும், "நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

பதினொரு மணிக்கு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். நங்கூரம் ஆசையாகப் பார்க்கப் போனாள். அச்சடித்த தாளில் கல்லூரியின் பெயருக்குக் கீழே தன் பெயர் வருவது இதுதான் முதல்முறை. வந்திருந்தது, அவளுடைய சொந்தப் பெயர். அதற்கு நேரே: 54.

வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள், கோபம்தான் வந்தது. அம்மாவாவது ஐந்து கிலோவோடு விட்டாள்! இங்கே முப்பத்து நாலரைக் கிலோவை ஒரே போடாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். இங்கே பூசணிக்காயே தன்மேல் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறது. தன் எடையைக் கண்டு சூப்பர் என்று குதித்த ஒரே கூட்டம் இது. அந்தக் கூட்டத்தில் இருப்பதற்கு அந்த எடையையே இல்லையென்று சொல்ல வேண்டுமானால், இந்தக் கூட்டத்தில் இருக்கப்போவது யார்? குழாயடிக்குப் போய் மணிக்கட்டைத் தேய்த்துக் கழுவினாள். மனசு என்னவோ இறக்கை கட்டிக்கொண்டிருந்தது.

வெறும் கையைப் பார்த்ததும் கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. "என்னடி பண்ணி வச்சிருக்க?"

"நான் இழுக்கலக்கா. குருவி இழுக்கட்டும். போய் உண்மையச் சொல்லிடறேன்."

"சொன்னா டீமையே வெளிய அனுப்பிடுவாங்க!"

"விசில் ஊதுற வரைக்கும் பட்டியலைத் திருத்தலாம்னு விதி இருக்குக்கா."

"காலையில வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"பயம் இருந்துச்சு," என்றாள் நங்கூரம். "உங்களை எல்லாம் விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"இப்ப மட்டும் யாரு இருக்கா? போ. நீ இந்த டீம்ல இல்லன்னு வச்சுக்கோ."

போனாள். எடை மேசையில் இருந்தவர் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். இவள் பட்டியலைக் காட்டி, "சார், இந்த அம்பத்தி நாலு நான் இல்ல" என்றாள். அவர் அன்று முதல்முறையாக நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்த்தார். முகத்திலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "அது தெரியுது" என்றார்.

"தப்பு பண்ணப் பாத்தோம் சார். இன்னும் இழுக்கல. ஏறி நின்னது இன்னொரு பொண்ணு, முத்திரையும் அவ கையிலதான் இருக்கு. அவ பேரை எழுதிக்கோங்க."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார். நங்கூரம் பட்டியலில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. கடைசியில் பேனாவை எடுத்தார். "எச்சரிக்கைன்னு எழுதிக்கறேன். முத்திரை இருக்கிறவங்க இழுக்கலாம். நீ இழுக்க முடியாது, கூட நிக்கலாம். இனிமே இந்த வேலை வச்சுக்காதீங்க."

"சரி சார். என் எடையை ஒரு தடவை பாத்துடறீங்களா?"

"நீதான் இழுக்கலையே?"

"பரவால்ல சார். சத்தமா சொல்லுங்க."

ஏறி நின்றாள். சுற்றிலும் எதிரணிக்காரிகள் இருந்தார்கள், யாரோ பேராசிரியர்கள் இருந்தார்கள். "எண்பத்தெட்டரை!" என்றார் அவர். அவள் தோளை விரித்துக்கொண்டு இறங்கினாள்.

பன்னிரண்டு மணிக்கு கயிறு அறுக்காமல் முதுகுக்கும் தோளுக்கும் போடும் உறையை மாட்டிக்கொண்டு கடைசியில் நங்கூரமாக நின்றவள் கேப்டன். கேப்டன் நின்ற முதல் இடத்தில் குருவி, முகம் வெளிறியிருந்தது, ஆனால் கைகள் விட்டுப்போன உறவைப் பிடிப்பதுபோலக் கயிற்றைப் பிடித்திருந்தன. கேப்டன் இவள் பக்கம் திரும்பவே இல்லை. எதிரணி ஐந்நூற்று ஐம்பத்தெட்டு, இவர்கள் ஐந்நூற்று இருபத்தொன்பதரை. முதல் இழுப்பு ஒன்பது நொடியில் போய்விட்டது. ஓரத்தில் நின்றிருந்த நங்கூரத்துக்கு அப்போதுதான் உறைத்தது: தாளம் கொடுக்க ஆளே இல்லை! கொடுக்கிறவள்தான் கயிற்றில் நிற்கிறாளே!

யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றாள்.

இரண்டாவது விசில். "பிடி!" என்று கத்தினாள். அந்த உடம்பிலிருந்து வந்த குரல் மைதானச் சுவரில் மோதித் திரும்பியது. ஆறு மாதம் முதுகுகளை மட்டுமே பார்த்தவள் இப்போதுதான் முகங்களைப் பார்க்கிறாள். அடேயப்பா, என்ன கோரம், என்ன அழகு! பல்லைக் கடித்து, கண் பிதுங்கி, ஒருத்திக்கு நாக்கே வெளியே தொங்கியது. "உக்காரு, உக்காரு... விஞ்ஞானி, தோளை இறக்கு! மூச்சு விடு!" விஞ்ஞானியின் தோள் இறங்கியது. கேப்டனின் கழுத்து உள்ளே போனதைப் பார்த்தாள். "இப்ப! இழு!" எட்டுப் பேரின் குதிகால்களும் ஒன்றாக மண்ணில் இறங்கின. கயிறு ஒரு சாண் வந்தது, இன்னொரு சாண். குருவி குரல்வளை கிழியக் கத்திக்கொண்டே பின்னால் சாய்ந்தாள். விசில்! இரண்டாவது இழுப்பு இவர்களுக்கு.

மூன்றாவது இழுப்பு நாலு நிமிடம் நடந்தது. கயிறு அசையவே இல்லை; மைதானமே எழுந்து நின்றுவிட்டது. இவளுக்குத் தொண்டை அடைத்தும் விடவில்லை, வெறும் காற்றாகக் கத்தினாள். கடைசியில் யாரோ ஒருத்தியின் கால் வழுக்க, ஒரு சாண் வித்தியாசத்தில் தோற்றார்கள். தோற்றவர்கள் எட்டுப் பேரும் மண்ணில் கிடந்து பைத்தியம் பிடித்தவர்கள் போலச் சிரித்தார்கள். ஏறத்தாழ முப்பது கிலோ குறைவாக வைத்துக்கொண்டு நாலு நிமிடம்! குருவி வெந்துபோன உள்ளங்கைகளை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லூரி வேன் கிளம்பியபோது நங்கூரம் கீழேயே நின்றாள். டீமில் இல்லை என்று சொன்னவளின் வேனில் எப்படி ஏறுவது? இரண்டு பஸ் மாறிப் போய்விடலாம். வியர்வையும் மண்ணுமாகக் கேப்டன் படிக்கு வந்து கையை நீட்டினாள்.

"காலையில நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினியே. 'போ'ன்னு சொன்னதையும் அப்படியே எடுத்துக்குவியா? ஏறுடி."

கேப்டன் மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். ஒரு முழு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து உள்ளே விழுந்தார்கள்.

"அம்மாடி! எவ்வளவுடி நீ?"

நங்கூரம் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. அவளுக்காக வேன் முழுவதும் கத்தியது: "எண்பத்தெட்டரை!"

ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கையைப் பார்த்தாள். கேப்டனின் வியர்வையில் கரைந்த ஊதா மை அவள் மணிக்கட்டில் ஒற்றியிருந்தது. இடவலமாகத்தான், ஆனால் படிக்க முடிந்தது: எடை சரி. வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போது அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாள்.