உறை போட்ட கை

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பேர். மூத்தவர்கள் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். இளையவர்கள் மரியாதைக்காக அந்தப் பேருக்குப் பின்னால் ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். நரம்பு நோயில் இறந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மூளையையும் தண்டுவடத்தையும் சூடு ஆறுவதற்குள் வாங்கிவந்து, துண்டு போட்டு, உறையவைத்துக் காப்பதுதான் அவள் வேலை.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. மரபணு நாள்பட நிற்கும். அதிலிருந்து உயிரணு தன் வேலைக்காக எடுத்துக்கொள்ளும் நகலான ஆர்.என்.ஏ. நிற்காது, மூச்சு நின்றதுமே உதிரத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, அதைத் தின்னும் நொதி மனிதத் தோலிலேயே ஒட்டியிருக்கிறது. வெறும் விரல் பட்ட குழாய் நேரே குப்பைக்குத்தான். அதனால் கையுறை இல்லாமல் அவள் மேசைப் பக்கம் போனதே இல்லை. பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. கதவைக்கூட முழங்கையால்தான் தள்ளுவாள். "ஏன் கல்யாணம் பண்ணிக்கலேன்னு கேக்கறாங்க. மாப்பிள்ளை கையைப் பிடிக்கணுமே, அந்தப் பயம்தான்!" என்று அவள் அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் அவன் கையிலிருந்து ஸ்குரூ டிரைவர் நழுவிக் கீழ்த்தளம் வரை உருண்டது. வயசாகுது என்றான். பிறகு சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் என்று மருத்துவர் சொன்னபோது அண்ணியும் அண்ணனும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவளோ தரையைப் பார்த்தாள். அந்த நோயின் தண்டுவடங்களை எத்தனையோ வருஷமாக வெட்டி அடுக்கியவள் அவள்.

பேச்சு இன்னும் இருந்த காலத்தில், ஒரு மாலை, அண்ணன் கேட்டான்.

"உன் பெட்டிக்குள்ள என்னை மாதிரி ஆளுங்களைத்தானே அடுக்கி வச்சிருக்கே? அப்படி என்னதான் தேடறீங்க?"

"ஒரே ஒரு எழுத்தைண்ணா. மரபணுவோட நகல்ல ஒரு எழுத்தைத் திருத்தறதுக்குன்னே ஒரு நொதி இருக்கு. திருத்தினாத்தான் நரம்பணுவோட வாசல் கால்சியத்தை உள்ள விடாது. இந்த நோய் வந்த சில பேருக்கு அந்தத் திருத்தம் சரியா நடக்கலை. கால்சியம் வெள்ளமா நுழைஞ்சு அணு செத்துப்போகுதோன்னு சந்தேகப்படறோம்."

"மூலப் படத்துல தப்பு இல்லையா?"

"படம் சரியாத்தான் இருக்கு. நகல்ல பண்ண வேண்டிய வேலையைத்தான் பண்ணலை."

அண்ணன் சற்று யோசித்தான். "அட பாவி! கதவு பூட்டாமலே லிஃப்டை மேல விட்டுட்டானா! என் கீழ வேலை பார்த்திருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் அவன் சொன்னான்: "என்னோடதையும் எடுத்துப் பாருங்க. ஆனா கெட்டுப்போக விட்டுடாதே. நல்லபடியா கொண்டு சேர்த்துடு. ஊரையே ஏத்தி இறக்கினவன் நான். என்னை நாலு பேர் தூக்குறதுலயும் ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்."

"வாயைக் கழுவுங்க!" என்று சமையலறையிலிருந்து அண்ணி கத்தினாள்.

"கெட விடமாட்டேண்ணா" என்றாள் அவள். அந்த வார்த்தையைத்தான் அவள் அதற்குப் பிறகு சுமந்துகொண்டு திரிந்தாள்.

குரலும் போயிற்று. எழுத்துகள் எழுதிய அட்டையைக் காட்டினால் கண்ணாலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பேசினான். அசைவைத் தின்கிற அந்த நோய், தொடுவதை உணரும் நரம்புகளை விட்டுவைத்திருந்தது. அண்ணி பகலெல்லாம் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தங்கை வந்தால் மூச்சுக்கருவியைப் பார்ப்பாள், மருந்தைப் பார்ப்பாள், குளிர்பெட்டியில் ஐஸ் பைகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்ப்பாள்.

பிரிவின் தலைவியான டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கூடப்பிறந்தவனை நீ வெட்ட வேண்டாம். வேற ஆள் பார்த்துக்கட்டும்." சரி என்றாள். ஆனால் உயிர் போன கையோடு உடம்பைக் குளிர வைப்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அது ஒரு முற்பகல். ஜன்னல் வெயில் கட்டில் கால் வரை வந்திருந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. அவள் வண்டிக்குச் சொன்னாள். ஐஸ் பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். அந்தப் பக்கம் அண்ணி.

அண்ணன் கண்ணைத் திறந்தான். பார்வை அவள் கைக்கு இறங்கியது. முகத்துக்கு வந்தது. மறுபடி கைக்கு இறங்கியது.

"எல்லாம் தயார்ணா" என்று குனிந்து சொன்னாள். "வண்டி வந்துட்டே இருக்கு. ஒண்ணும் கெடாது. நீ கவலைப்படாதே."

அவன் கண் இன்னொரு தரம் கைக்குப் போய், அங்கேயே சிறிது நேரம் நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

வேலை சுத்தமாக நடந்தது. கூடத்தில் அண்மைக் காலத்தில் இவ்வளவு குலையாத ஆர்.என்.ஏ. கிடைத்ததில்லை என்று டாக்டரம்மாவே எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். நரம்பணுக்கள் பலவற்றில் அந்த ஓர் எழுத்து திருத்தப்படாமலே கிடந்தது.

அதைச் சொல்ல அவள் அண்ணியின் வீட்டுக்குப் போனாள். கட்டில் இருந்த இடம் வெறிச்சென்று இருந்தது.

"கெடாம இருந்துச்சா?"

"அருமையா இருந்துச்சு அண்ணி. நாங்க சந்தேகப்பட்டது அண்ணன்கிட்டயும் இருந்துச்சு."

"அப்போ மருந்து?"

"இன்னும் இல்லை."

அண்ணி தலையாட்டினாள். "போகட்டும். அவர் நெனச்சது நடந்துச்சே." பிறகு, குறை சொல்கிற குரலே இல்லாமல் சொன்னாள்: "கடைசியா உன் கையைத்தாம்மா தேடினாரு. நீ உறை போட்டிருந்தே."

அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது. தண்டுவடம் முதுகெலும்புக்குள்ளே இருக்கிறது. வெளியே விரலைப் பிடிப்பதால் அதில் ஒரு துளியும் கெடாது. அது அவளுக்குத் தெரியாததா? யார் கேட்டிருந்தாலும் அவளே சொல்லியிருப்பாள். அந்த உறை அன்று எதையும் காப்பாற்றவில்லை.

"சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நீ அவசரத்துல இருந்தே" என்றாள் அண்ணி. பிறகு, "சொல்லியிருக்கலாம்தான்" என்றாள்.