காப்பித் தொட்டியில் கை

ஏதாவது ஒன்றையே கவனித்தால் மனசு அடங்கும் என்று சர்ச்சுக்குத் தியானம் செய்ய வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் ஆறாவதோடு படிப்பை விட்டவள். கண்ணை மூடினால் எனக்குக் கவலைதான் கூடும். ஆனால் ஒரு மார்கழியில், எங்கள் மலையூரான கரடியூரில், அதைச் செய்யாமல் தீரவில்லை.

எங்கள் தோட்டத்துக் காப்பிப் பழம் முழுவதும் தோலுரித்துத் தொட்டியில் கிடந்தது. கொட்டைமேல் உள்ள பசை விடும்வரை அது புளிக்க வேண்டும். முந்திக் கழுவினால் பசை ஒட்டிக்கொண்டு கொட்டை கறுக்கும். பிந்தினால் அழுகி நாறும். பதம் பார்ப்பது வீட்டுக்காரர் வேலை. அவரோ சீக்காய்ப் படுத்த என் மாமியாரோடு சேலத்து ஆஸ்பத்திரியில். அந்த வருஷத்து வெள்ளாமை மொத்தமும் என் கையில்.

விடிந்ததும் மூடியிருந்த சாக்கைத் தூக்கினேன். புளிப்பு வாடை குப்பென்று அடித்தது. போச்சு, கெட்டுப்போச்சு என்று சாக்கை அப்படியே போட்டேன்.

கழுவ உதவிக்கு வந்திருந்த நங்கையாளிடம், அதாவது வீட்டுக்காரரின் அக்காவிடம், ஓடினேன்.

“தண்ணியத் தொறந்துடலாங்களா?”

“கையப் போட்டுப் பாத்தியா?”

“பாத்தனுங்க. ஒண்ணுமே தெரியலீங்க.”

“எப்படித் தெரியும்? வெரலு வெறைச்சுக் கெடக்குது. நீ பயப்படற பயத்துக்குக் காப்பி புளிக்காது கண்ணு, நீதான் புளிச்சுப் போவ. போய் அடுப்புல கையக் காட்டு.”

கையைச் சூடேற்றிக்கொண்டு வந்து தொட்டியோரம் உட்கார்ந்தேன். ஒரு பிடி அள்ளிக் கண்ணை மூடித் தேய்த்தேன். மனசு சேலத்துக்கு ஓடியது. மாமியாருக்கு என்ன ஆயிற்றோ? விரலுக்குத் திரும்பினேன். வழுக்கியது, பசை விடவில்லை. அவர் வந்து என்ன சொல்வாரோ? மறுபடி விரலுக்கு. இன்னும் வழுக்கியது. வாடையை ஒதுக்காமல் நன்றாக இழுத்துப் பார்த்தேன். தோசைமாவுப் புளிப்புதான், அழுகல் இல்லை.

“என்ன, ஜெபமா தூக்கமா?”

“இன்னும் ஆகலீங்க.”

“இப்பத்தான தொறக்கோணும்னு குதிச்ச!”

பேசினால் விரல் சொல்வது காதில் விழாது போல இருந்தது. பனி விலகி, வெயில் ஏறி, கால் மரத்துப்போனது. தேய்த்துக்கொண்டே இருந்தேன். வழுக்கல் குறைந்து, ஒரு பிடியில் கொட்டைகள் கூழாங்கல் மாதிரி நறநறவென்று உரசின. முஷ்டியைத் தொட்டிக்குள் குத்தி எடுத்தேன். குழி மூடாமல் நின்றது; பதம் வந்ததற்கு அதுதான் அடையாளம்.

“தொறங்க!”

பயம் போயிருக்கவில்லை. அதனிடம் கேட்காமலே குரல் வந்துவிட்டது. தண்ணீர் கலங்கி ஓடிக் கொட்டை வெளுத்து வந்தது. நங்கையாள் ஒரு பிடி முகர்ந்து பார்த்தார். காயப்போடும் பாயை விரிக்கப் போனார்.