தயாளன் இளைத்த கதை

இந்த வாரம் வேறு ஒன்று எழுதுவதாக இருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டேன். பதற்றம் இன்னும் அடங்கவில்லை.

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தயாளனைப் போன வெள்ளிக்கிழமை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தொட்டால் தோசைக்கல். வேர்வை கொட்டுகிறது — அதுவும் மஞ்சளாக! மகன் தலையை மடியில் வைத்திருந்த அம்மா, "காமாலைதான் சார்... கீழாநெல்லி அரைச்சிக் குட்த்துகினுதான் கீறேன்" என்று அழுதார்.

காமாலை இல்லை. என்னவென்று தெரிந்தபோது எனக்குத் தலை சுற்றியது.

தயாளனுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சாயப் பொடி கம்பெனியில் வேலை. பேக்கிங் செக்‌ஷன். தங்கமான பையன், நல்ல தொப்பை. நாலு மாதம் முன்னால் வேப்பம்பட்டில் பெண் பார்த்தோம், நானும் கூடப் போயிருந்தேன். பெண் பெயர் மல்லிகா. எல்லாம் பேசி முடித்துச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பெண்ணின் அண்ணன் ஒரு வார்த்தை விட்டான்: "மாப்ள, தாலி கட்றப்போ குனிய முடியுமா?"

எல்லோரும் சிரித்தோம். தயாளனும் சிரித்தான். ஆனால் மனசுக்குள் அது தைத்துவிட்டது.

அப்புறம் இளைக்க ஆரம்பித்தான். எப்படி என்கிறீர்களா? வாக்கிங் கிடையாது, பட்டினி கிடையாது. சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பெல்ட்டில் மட்டும் புதுசு புதுசாக ஓட்டை! டீக்கடையில் "இன்னா மாமே, சும்மா ஹீரோ கணக்கா ஆயிட்டே" என்று முதுகில் தட்டினார்கள். உள்ளங்கை மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, "கல்யாணத்துக்கு முன்னாடியே நலங்கு வெச்சிட்டாங்களா?" என்று கிண்டல். எனக்கும் பொறாமைதான்... நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

அவனோடு வேலை பார்க்கும் ஏழுமலை ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கம்பெனியில் 'மஞ்ச ரூம்' என்று ஒன்று உண்டாம். கறுப்புச் சாயம் தயாரிக்கத் தேவையான ஒரு மஞ்சள் கெமிக்கலை அங்கேதான் கொட்டி அள்ளுவார்கள். யாரையும் அங்கே தொடர்ந்து நிற்க விடுவதில்லை. வாரம் ஓர் ஆள் என்று முறை. அங்கே நின்றவன் வேர்த்து விறுவிறுத்து இளைத்துப் போவான் என்று எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் அதற்குத்தான் பயந்தார்கள். நம் ஆளுக்கோ அது வரமாகத் தெரிந்திருக்கிறது!

"எல்லார் முறையையும் இவனே வாங்கிகினான் சார். நாங்களும் தொல்லை வுட்டுதுன்னு குட்த்துட்டோம்" என்றார் ஏழுமலை. "கிளவுஸக்கூட கயட்டி வெச்சிட்டான். ஏண்டான்னு கேட்டா, மேல பட்டாத்தானே மச்சான் வேலை செய்யும்ன்றான்."

சூப்பர்வைசர் பார்க்கவில்லையா? ஆள் நின்றால் போதும் அவருக்கு.

டாக்டரம்மா ஏழுமலையிடம் அந்த கெமிக்கலின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டி குட்டி இன்ஜின்கள் இருக்கின்றன. சாப்பாட்டை எரித்து உடம்புக்குச் சக்தி தருவது அவைதான். "ஆட்டோவை நியூட்ரல்ல போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினா என்ன ஆகும் சார்? பெட்ரோல் எரியும், இன்ஜின் கொதிக்கும், வண்டி நகராது. அந்த கெமிக்கலால இவர் உடம்பு இப்ப அப்படித்தான் இருக்கு."

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இந்த கெமிக்கலையே இளைக்கிற மாத்திரையாக விற்றார்களாம். இளைத்தார்கள். கண்ணில் புரை விழுந்தது. சிலர் உள்ளுக்குள்ளேயே வெந்து செத்தார்கள். அப்புறம்தான் தடை. ஆபத்தில்லாமல் இதே வேலையைச் செய்யும் மருந்து கிடைக்குமா என்று விஞ்ஞானிகள் இன்னும் தேடுகிறார்களாம். அவர்கள் எலியை வைத்துத் தேடுகிறார்கள். நம் தயாளன் தன்னையே எலியாக்கிக்கொண்டான்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது, உடம்பைக் குளிர வைப்பது ஒன்றுதான் வழி என்றார் டாக்டரம்மா. ஏழுமலை மீன் கடையிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கோணிப்பையில் சுமந்து வந்தார். நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போட்டோம். நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி வேப்பம்பட்டுக்குத் தகவல் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

பிழைத்துவிட்டான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். கண்ணை மட்டும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகா வந்தது. அண்ணன்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான், உள்ளே வர முகமில்லை. கட்டிலில் ஒட்டிய கன்னத்தோடு கிடந்தவனை அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவன் அம்மாவிடம் கேட்டது:

"இவர யாரு அத்தே எளைக்கச் சொன்னது? எங்க ஊட்ல அல்லாரும் எலும்பும் தோலுமா கீறோம். இவரு தொப்பையப் பாத்துதான், வவுறு ரொம்ப சோறு போட்ற ஊடுன்னு சரின்னேன்."

தயாளன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

பெண் பார்க்கப் போனபோது நாங்கள் பத்துப் பேர் இருந்தோம். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று அந்தப் பெண் எங்கள் எல்லோரையும் கேட்டது. அதனிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.