இரண்டு நிமிடச் சுடுதண்ணி

ஜெனீற்றா மூன்று வருடமாக ஓர் இயந்திரத்தையும் திறந்ததில்லை. அதற்கு முன் பத்து வருடம், ஊர்காவற்றுறைக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிற ஒரே பெண்ணாக அவள் இருந்தாள். பிறகு ஒருநாள் மரை திருகுகிற சாவிகளுக்கெல்லாம் எண்ணெய் பூசி, பிஸ்கற் தகரத்தில் அடைத்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போய்விட்டாள். ஏன் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே ஒருவரும் கேட்பதில்லை.

அந்தத் தகரத்தை வெளியே இழுத்தவன் அவளுடைய அண்ணன் ஜோர்ஜ். இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். ஏற்றிய ஆட்களின் கதையெல்லாம் கேட்டு, இறக்கிவிடுவதற்குள் ஏதாவது வாக்குக் கொடுத்துவிடுவது அவன் சுபாவம்.

"மடத்துவெளியிலை ஒரு ஐயா. சுடுதண்ணி மிஷின் ரெண்டு நிமிசத்திலை நிண்டு போகுதாம். நாளைக்கு என்ர தங்கச்சி வருவாள் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டு அண்ணை சொன்னனீ?"

"அந்த அம்மாவுக்குக் கை மடங்காதாம். காலமை சுடுதண்ணி பட்டால்தான் விரல் அசையுமாம். ரவுணிலை இருந்து ஆள் வர மூண்டு கிழமை செல்லுமாம்."

"காஸிலை எரியிற மிஷின் நான் தொட்டதே இல்லை."

"எஞ்சினிலை நெருப்பு எரியுது, தண்ணி ஓடிக் குளிராக்குது. இதிலை நெருப்பு எரியுது, தண்ணி ஓடிச் சூடாகுது. தலைகீழாய்ப் பிடிச்சுப் பார், ரெண்டும் ஒண்டுதான்."

ஜெனீற்றா சிரிக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் தகரத்தைத் திறந்து பார்த்தாள். ஒன்றிலும் துருப் பிடித்திருக்கவில்லை.

மறுநாள் காலை புங்குடுதீவுப் பாலத்தில் ஓட்டோ போகும்போது இரண்டு பக்கமும் கடல் தட்டையாகக் கிடந்தது. மடியில் தகரம். அவள் தனக்குள்ளே ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இது சரிவந்தால் திரும்பவும் தொழிலுக்கு வருவது. சரிவராவிட்டால் தகரத்தை வரும் வழியிலேயே ஆருக்காவது கொடுத்துவிடுவது. அண்ணனுக்கு அவள் இதைச் சொல்லவில்லை.

விநாயகமூர்த்தி வாசலிலேயே நின்றார். முப்பது வருடம் குருநாகலில் கடை வைத்திருந்து, பிறகு மகள் தனுசியாவோடு கனடாவில் பன்னிரண்டு வருடம் குளிரில் இருந்துவிட்டு, மனைவி சீதேவியோடு ஊருக்கே வந்து சேர்ந்தவர். அவர் ஜெனீற்றாவைப் பார்த்தார், ஜோர்ஜைப் பார்த்தார், மறுபடி ஜெனீற்றாவைப் பார்த்தார்.

"நீர்தானோ மெக்கானிக்?"

"ஓம் ஐயா."

"அப்ப இவர்?"

"நான் கதைக்கிறதுக்கு வந்தனான்," என்றான் ஜோர்ஜ். "அவள் கதைக்க மாட்டாள்."

குளியலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டியாக அது தொங்கியது. தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைக்காமல், குழாய் திறந்த உடனே நெருப்பு மூட்டி, போகிற போக்கிலேயே சூடாக்கி அனுப்புகிற வகை. கனடாவிலிருந்து மகள் போனிலேயே வாங்கிப் பூட்டுவித்தது. மேலிருந்து ஒரு தகரக் குழாய் புறப்பட்டு, புகையைக் கொண்டுபோகச் சுவரைத் துளைத்து வெளியே போயிற்று. சீதேவி கதவோரமாக நின்று, கைவிரல்களை மற்றக் கைக்குள் வைத்து மெல்லப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஜெனீற்றா குழாயைத் திறந்தாள். டக்-டக்கென்று பொறி தட்டி நெருப்புப் பிடித்தது. தண்ணீர் சூடாக வந்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிடம் ஆகவும் பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

முதலில் காஸ் சிலிண்டரின் வாயை மூடினாள். பொறி தட்டுகிற பற்றறியைப் பார்த்தாள், நல்லது. தண்ணீர் உள்ளே போகிற இடத்துச் சல்லடையைக் கழற்றினாள். ஒரு தேக்கரண்டி மணலும் வெள்ளைக் கட்டிகளும் கொட்டின. "கிணத்துத் தண்ணியோ அம்மா?"

"குடிக்கத்தான் பவுசர் லொறித் தண்ணி. குளிக்கிறதெல்லாம் கிணறு. உப்பு, பிள்ளை. கேத்திலுக்கை பாரும், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

கேத்திலுக்குள் படிவது இதன் செப்புக் குழாய்க்குள்ளும் படியும். படகு எஞ்சினை உப்பு அடைத்தால் பீப்பாவில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள் ஓடவிடுவார்கள். சுண்ணாம்புக்குத் தண்ணீர் காணாது, புளிப்பு வேண்டும். இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, வரும்போதே வேலணையில் ஆறு போத்தல் பனங்கள்ளு வினாகிரி வாங்கி வைத்திருந்தாள். கூடவே கொண்டுவந்த, படகில் ஊறுகிற தண்ணீரை இறைக்கும் சின்னப் பம்பை வாளிக்குள் இறக்கி, இரண்டு குழாய்களைப் பெட்டியில் பூட்டி, வயரைக் கதவால் வெளியே நீட்டினாள்.

"அண்ணை, பற்றறியைக் கழட்டு."

"என்ர ஓட்டோவின்ர பற்றறியோ? திரும்பிப் போறதுக்கு நீ தள்ளுவியோ?"

"தள்ளுறன். கழட்டு."

முக்கால் மணித்தியாலம் வினாகிரி வாளிக்கும் பெட்டிக்குமாகச் சுற்றிச் சுற்றி ஓடியது. வீடு முழுக்க அச்சாறு போட்ட மணம். விநாயகமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வாளியில் நுரை எழும்பி, தண்ணீர் பால்போலக் கலங்கியதைப் பார்க்க ஜெனீற்றாவுக்குப் பசி எடுத்தது. நல்ல வேலை நடக்கும்போது அவளுக்கு எப்போதும் பசிக்கும். அதை அவள் மறந்தே போயிருந்தாள்.

நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, எல்லாவற்றையும் பூட்டி, காஸைத் திறந்தாள். குழாயில் தண்ணீர் முன்னையைவிடத் தடிப்பாக விழுந்தது. சுவாலை நீலமாக, ஒரே மட்டத்தில் எரிந்தது. இரண்டு நிமிடம் தாண்டியது. மூன்று தாண்டியது. சீதேவி கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார்.

நான்காவது நிமிடம் அது அணைந்தது.

ஜோர்ஜ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மேலே, புகைக் குழாயின் அடியில், இரண்டு வயரோடு ஒரு சின்ன சுவிச்சு இருந்தது. புகை ஒழுங்காக வெளியே போகாவிட்டால் நெருப்பை அணைக்கிற சுவிச்சு.

"உதுதான் கள்ளன். ரெண்டு வயரையும் கழட்டி ஒண்டாய் முறுக்கிவிடு. பிறகு அது எப்பிடி நிக்கும்?"

"ஏலாது."

"கரையிலை எல்லாரும் செய்யிறதுதானே."

"அதுக்காகத்தான் ஏலாது எண்டுறன்."

ஜோர்ஜ் தன் இடக்கையைப் பார்த்தான். அதில் மூன்று விரல்தான் இருந்தன. படகு எஞ்சினில் ஒரு கயிறு உண்டு. ஒரு நுனி ஓட்டுகிறவனின் மணிக்கட்டில், மறு நுனி சுவிச்சில். ஆள் கடலில் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நிற்கும். உப்பில் அந்தச் சுவிச்சுத்தான் முதலில் பழுதாகும். புதிது கிடைக்காது. வயரை முறுக்கிவிட்டால் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடும். ஜோர்ஜின் எஞ்சினில் அப்படி முறுக்கிவிட்டவள் ஜெனீற்றா. அனலைதீவுக்குப் பக்கத்தில் அவன் வழுக்கி விழுந்தபோது படகு நிற்கவில்லை. வட்டமடித்துத் திரும்பி அவன்மேலேயே வந்தது.

"நான் உன்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை," என்றான் ஜோர்ஜ் மெதுவாக.

"தெரியும். அதுதான் எனக்குக் கஷ்டம்."

ஜோர்ஜ் வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

ஜெனீற்றா நிலத்தில் குந்தியிருந்து சுவிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது பழுதில்லை என்றால்? பழுது என்று எல்லோரும் சொல்வது, உண்மையில் அது தன் வேலையைச் செய்வதாக இருந்தால்? அவள் தலையை நிமிர்த்தி, "அம்மா, குளிச்சுப்போட்டு வந்தால் உங்களுக்கு ஏதும் செய்யிறதோ?" என்றாள்.

"தலையிடிதான். மேற்குக் கச்சான் காத்துத் தொடங்கினதிலை இருந்து ஒவ்வொரு நாளும். பிறஷர் எண்டு டொக்டர்மார் குளிசை கூட்டிப் போட்டவை."

"இந்த ஜன்னல்?"

"எப்பவும் பூட்டுத்தான். உப்புக் காத்தெல்லே."

ஜெனீற்றா எழுந்து, கிட்டத்தட்ட ஓடினாள். வீட்டின் பின்பக்கம், சுவரிலிருந்து புகைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், அதன் வாயை ஒரு பால்மாத் தகரம் மூடியிருந்தது. கம்பியால் இறுக்கிக் கட்டி, அடியில் ஆணியால் ஏழு ஓட்டை போட்டிருந்தது. துரு ஏறி ஐந்து ஓட்டை அடைபட்டுப் போயிருந்தது. இவ்வளவு நாளும் புகை போக வழியில்லாமல் திரும்பிக் குளியலறைக்குள் வந்திருக்கிறது. அந்தச் சின்னச் சுவிச்சுத்தான் ஒவ்வொரு நாளும் அந்த மனிசியைக் காப்பாற்றியிருக்கிறது.

கம்பியை வெட்டித் தகரத்தை இழுத்தெடுத்தாள். குளியலறை ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். திரும்ப மூட்டியபோது நாலு நிமிடம், ஐந்து, பத்து. சுவாலை அசையவேயில்லை. இருபது நிமிடம் வைத்துப் பார்த்த பிறகுதான் சீதேவியைக் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை வந்து இந்தப் பெட்டியைக் கழட்டி வெளிச்சுவரிலை பூட்டுறன் அம்மா. இது குளிக்கிற அறைக்குள்ளை இருக்கிற சாமானில்லை. அதுவரைக்கும் நீங்கள் உள்ளை நிக்கேக்குள்ளை இதை மூட்ட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைச்சுப்போட்டு வாளியிலை பிடியுங்கோ, நிப்பாட்டினாப் பிறகு குளியுங்கோ."

சீதேவி ஆவி பறக்கிற வாளிக்குள் இரண்டு கையையும் மணிக்கட்டுவரை விட்டுக்கொண்டு கண்ணை மூடினார். சற்றுப் பொறுத்து விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

விநாயகமூர்த்தி பால்மாத் தகரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உது என்ர யோசினை. இஞ்சத்தைக் காத்துக்கு இரும்பு நிக்காது. படகு எஞ்சினை மூடிக் கட்டுறவைதானே? மூச்சு விடட்டும் எண்டு ஓட்டையும் போட்டனான்."

"எஞ்சினை நிப்பாட்டின பிறகுதான் ஐயா மூடுறது."

அவர் முகம் வெளுத்தது. சீதேவியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு திடீரென்று தகரத்தைக் கீழே போட்டார். "பிள்ளை, இந்த ஒழுங்கையிலை இன்னும் ரெண்டு வீட்டிலை உந்த மிஷின் இருக்கு. அதுகளுக்கும் நான்தான் இப்பிடித் தகரம் கட்டிக் குடுத்தனான்."

ஜெனீற்றா சாவியையும் கம்பிவெட்டியையும் பிஸ்கற் தகரத்துக்குள் எறிந்தாள். "போன் எடுத்துக் காஸை நிப்பாட்டச் சொல்லுங்கோ. முதல் எந்த வீடு?"

"சறோஜினிதேவி வீடு. மற்ற வீட்டிலை இப்ப ஆக்களில்லை. இவ பதினொரு மணிக்குத்தான் குளிக்கிறவ."

மணி பத்து நாற்பது. போன் அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்க ஆளில்லை.

"அண்ணை!"

"பற்றறி பூட்டியாச்சு," என்றான் ஜோர்ஜ் முற்றத்திலிருந்து. "ஏறு. ஐயா, நீங்களும் ஏறுங்கோ, வழி சொல்ல ஆள் வேணும்."

விநாயகமூர்த்தி செருப்பில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஓட்டோ ஒழுங்கை முழுக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பியபோது, சாம்பல் பூசிய மீனும் கையுமாக ஒரு பெண் கிணற்றடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுதான் அவ! அவதான் சறோஜினிதேவி!" என்று கத்தினார் ஐயா. "இன்னும் குளிக்கேல்லை!"

ஓட்டோ நிற்கும் முன்னமே ஜெனீற்றா குதித்து இறங்கிவிட்டாள். "அக்கா, ஏணி இருக்கோ?"

"நீர் ஆர் பிள்ளை?"

"மெக்கானிக்," என்றாள் ஜெனீற்றா.