துருவாணியின் இரட்டைக்குழல்

"உன் துப்பாக்கிக்கு இன்னும் பால்பல்லே விழலை. அது என் துப்பாக்கியைப் பார்த்துக் கிழவிங்குதா?"

வெல்டா ஹார்க்ரைடர் இப்படிச் சீறியபோது நான் பீன்ஸ் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். எதிரே நின்றவன் லானி பிக்கெட். துப்பாக்கிச் சங்கத்தில் அந்த வருஷம் பாதுகாப்பு பார்க்கிற வேலை அவனுடையது. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் போட்டு வருவதால் அவனுக்குப் பாதிரி என்று பெயர்.

எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. சனிக்கிழமைகளில் கொள்ளுத்தாத்தா காலத்து உடுப்பில் வந்து, அந்தக் காலத்துத் துப்பாக்கியால் இரும்புத் தகடுகளைச் சுடுவோம். அசல் இல்லாதவர்கள் அதே மாதிரி இப்போது செய்த நகலால் சுடுவார்கள். வெல்டாவுக்கு, துருப்பிடித்த ஆணி என்று, துருவாணி. நான் வெங்காயம். சங்கத்துப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால் சாகிறவரை அதுதான். டெக்ஸஸிலிருந்து சுட வருகிறவனும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

வெல்டா முப்பது வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவள். சீட்டுக்கடியில் சூயிங்கம் ஒட்டியவனைக் கொண்டே அதைச் சுரண்ட வைப்பாள். புருஷன் டெல்பர்ட் போனபோது ஊரே சாப்பாடு கொண்டுபோய்க் குவித்தது. அவள் அழவில்லை. "பாத்திரத்துக்கு அடியில பேரு எழுதியிருக்கா? அப்புறம் என்னைத் திருடின்னு சொல்லாதீங்க" என்றாள். ஊர் அதைக் கல்நெஞ்சு என்றது. நானும் புருஷனைப் புதைத்தவள்தான். எனக்கு அது கல்நெஞ்சாகப் படவில்லை.

அவளுடைய இரட்டைக்குழல் மாமனார் வழியாக வந்தது. இரும்பையும் எஃகையும் கயிறு மாதிரி முறுக்கி, அடித்து, குழலாகச் சுற்றியது. குழல் மேலே சடை பின்னியது போலக் கோலம் தெரியும். திறந்து ஒரு உதறு உதறினால் காலித் தோட்டா இரண்டும் தானே விழும். பின்பக்க மரக்கட்டை அவள் தோளுக்கென்றே செதுக்கினாற்போல உட்காரும். ஆனால் கருமருந்து மட்டும்தான் அதற்கு ஆகும். சுட்டால் புகைமண்டலம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அவளைப்போல அதைக் கழுவுகிறவள் இந்தக் கண்டத்திலேயே இல்லை என்பது அவள் நினைப்பு.

அன்று லானி சொன்னது இதுதான்: "முறுக்குக் குழலு எப்ப வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்? என்னை மாதிரி புதுசு ஒண்ணு வாங்கிக்கங்களேன், துருவாணி. கிழவிக்கு ஓய்வு குடுங்க."

அதற்குத்தான் பால்பல் பேச்சு. அதோடு விட்டாளா?

"போடுடா பந்தயம். அக்டோபர் பெரிய போட்டியில உன் நகலை நான் ஜெயிக்கலைன்னா என் பேரை அடிச்சிட்டு நீ வேற பேரு வை."

"எந்தப் பேரு வேணாலுமா?"

"எந்தக் கண்றாவியா இருந்தாலும் சரி."

லானி தாடியைச் சொறிந்தான். "சர்க்கரைக்கட்டி."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கரண்டி சட்டிக்குள் விழுந்துவிட்டது. வெல்டாவின் முகம் மட்டும் அசையவில்லை. "நீ தோத்தா அந்தப் பேரு உனக்கு" என்றாள்.

"சரி. முதல்ல குழலைத் தட்டிக் காட்டுங்க. பாதுகாப்புக்கு நான்தானே பொறுப்பு?"

"தட்டுறேன். காதைக் கழுவிட்டு வந்து கேளு."

குழலைக் கட்டையிலிருந்து கழற்றினாள். பூட்ஸ் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். சட்டிக்குள் கிடந்த என் மரக்கரண்டியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். நல்ல குழலானால் தேவாலய மணி மாதிரி பாடும். ஒவ்வொரு வசந்தத்திலும் அது பாடக் கேட்டிருக்கிறோம்.

'டொக்' என்றது.

இன்னொரு இடத்தில் தட்டினாள். பூசணிக்காயைத் தட்டியது போல அதே 'டொக்'.

அமரில்லோ நகரத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கிறவனிடம் வெல்டாவும் நானும் போனோம். இரண்டு குழலையும் சேர்க்கிற பட்டைக்கு அடியில் பற்றவைத்த ஈயம் விட்டுப்போயிருந்தது. வருஷக்கணக்காக இவள் ஊற்றிய கொதிநீர் அந்தச் சந்து வழியே உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் குழலை அரித்திருக்கிறது. வெளியே கண்ணாடி. உள்ளே சல்லடை.

"இனிமே சுடக்கூடாதும்மா. சுவர்ல மாட்டிடுங்க" என்றான்.

"சுவர்ல மாட்ட என்கிட்ட கடிகாரம் இருக்கு."

வண்டியில் வரும்போது நான் கேட்டேன்: "என்னடி செய்யப்போறே?"

"நான் கழுவினதுதான் அதைக் கொன்னுடுச்சு" என்றாள். கொஞ்சதூரம் போனதும், "வண்டியைத் துப்பாக்கிக் கடைப்பக்கம் திருப்பு" என்றாள்.

விஷயம் எட்டியதும் லானி அவள் வீட்டுக்கே வந்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "பந்தயத்தை விட்ருவோம். துப்பாக்கியே செத்துப்போச்சு" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

"செத்தது துப்பாக்கிடா. நான் இல்லை. போய்ப் பழகு."

வாங்கி வந்த நகலை அவள் திட்டிய திட்டு எழுதக்கூடியதல்ல. கனம். விளிம்பெல்லாம் கையைக் கிழிக்கிற கூர்மை. கட்டை ஏதோ பழப்பெட்டிக்கு வர்ணம் அடித்தது போல இருந்தது. முதல் நாள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தோட்டா போட்டு மூடி விசையை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திறந்து மூடும்போதெல்லாம் பாதுகாப்புப் பூட்டு தானே விழுகிற மாதிரி செய்து வைத்திருந்தார்கள்.

"பாருடி வெங்காயம், சுடச் சொன்னா இது உட்கார்ந்து யோசிக்குது!"

தானே விழுகிற அந்த வேலையை அமரில்லோக்காரன் கழற்றிக்கொடுத்தான். மற்றதெல்லாம் அவள் கைவேலை. கட்டையைத் தன் கை நீளத்துக்கு ரம்பத்தால் அறுத்தாள். புத்தம்புதுசை அறுக்கிறியேடி என்று நான்தான் கத்தினேன். ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, துளைபோடுகிற மெஷினில் மாட்டி, தோட்டா உட்காருகிற இடத்தை, காலித் தோட்டா வழுக்கி விழுகிற மாதிரி, பளபளவென்று தேய்த்தாள். பழையது நூறு வருஷத்தில் தேய்ந்ததை ஒரு மாதத்தில் தேய்த்தாள் என்று வையுங்கள்.

புதுசில் புகையில்லா மருந்து போடலாம். முதல்முறை சுட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னடி?"

"தகடு விழறது தெரியுது! இத்தனை வருஷமா புகைக்குள்ள குத்துமதிப்பாத்தான் சுட்டிருக்கேன்!"

அக்டோபர் போட்டிக்கு அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஒருத்தன், "துருவாணி, நகலைக் கேலி பண்ணின சொல்லையெல்லாம் தின்னாச்சா? உப்பு சரியா இருந்ததா?" என்றான். "உங்க வீட்டுச் சமையலை விடத் தேவலை" என்றாள் அவள்.

கடைசி ஆட்டம்வரை இருவரும் ஒட்டி ஒட்டியே வந்தார்கள். நாலு தகட்டையும் யார் சீக்கிரம் விழவைக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். லானி முதலில் நின்றான். இரண்டு தகடு விழுந்தது. துப்பாக்கியைத் திறந்து உதறினான். ஒரு காலித் தோட்டா விழுந்தது. இன்னொன்று சூட்டில் உப்பிப் பிடித்துக்கொண்டது. நகத்தால் நெம்பினான். மறுபடி உதறினான். கடையில் வாங்கியபடியே வைத்திருந்தான் அவன். தேய்த்தால் வாரண்டி போய்விடுமாம்.

அப்புறம் வெல்டா. இரண்டு தகடு. ஒரு உதறல். காலித் தோட்டா இரண்டும் அவள் பாவாடை ஓரத்தில் விழுந்து உருண்டன. மறுபடி இரண்டு தகடு. கடிகாரம் பிடித்தவன் நேரத்தைச் சொல்வதற்கு முன்பே லானி தொப்பியைக் கழற்றிவிட்டான்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ஒத்துக்கங்க. கடைசியில நகல்தானே ஜெயிச்சுது?"

"உன் கையிலயும் நகல்தானே இருந்துச்சு? அது ஏன் ஜெயிக்கலை?"

அவன் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. துணியில் பெயர் தைத்துக் கொடுக்கிற கூடாரத்தை நோக்கி நடந்துவிட்டாள். பழைய துப்பாக்கி இப்போது அவள் அலமாரியில், டெல்பர்ட்டின் பூட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எண்ணெய் மட்டும் போடுகிறாள். தண்ணீர் காட்டுவதில்லை.

கூடாரத்தில் அவள் சொல்லித் தைக்க வைத்த பெயர்ப்பட்டையை லானி இன்றைக்கும் தன் கறுப்புக் கோட்டில் குத்திக்கொண்டு வருகிறான். 'சர்க்கரைக்கட்டி' என்று சுருள் சுருளான எழுத்து. பன்னிரண்டு டாலர். ரோஜா நிற நூலுக்குத் தனியாக ஒரு டாலர்.