பத்மப்ரியா பி.எட். படித்தால் லாபமா நஷ்டமா

உங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவருக்குப் பாதிச் சம்பளத்தைக் கொடுத்து, மீதிக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பினால், மறுநாள் அவர் வகுப்புக்கு வருவாரா? வரமாட்டார். வர வேண்டியதும் இல்லை. பத்மப்ரியா மட்டும் ஐந்து வருடமாக வந்துகொண்டிருக்கிறாள்.

மதுரையில் பி.காம். முடித்து, கல்யாணமாகி, பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஹைதராபாத்துக்கு வந்து மௌலா அலியில் குடியேறியவள். திருமுல்கேரியில் ஒரு தனியார் பள்ளியில் ‘ஷேடோ டீச்சர்’. பேச்சு வராத ஒன்பது வயதுச் சாஹித்யாவின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, வகுப்பில் நடப்பதை அவளுக்குப் புரியவைக்கிற வேலை. சம்பளம் பதினாலாயிரம். ஆசிரியர் தினத்துக்கு ஆசிரியர் தினம் ஒரு பொன்னாடை. பீரோவில் இடம் போதாமல் ஒன்றை வாஷிங் மெஷினுக்கு உறையாகப் போட்டிருக்கிறாள்.

சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கலாமா என்று அவள் வாய்விட்டுக் கேட்டதும், கணவன் தமிழ்ச்செல்வன் ஐ.டி. கம்பெனிக்காரன் செய்யக்கூடியதைச் செய்தான். எக்செல் போட்டான். கல்லூரியில் பணம் கட்டத் திங்கட்கிழமை கடைசி நாள். ஞாயிறு மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள், கணக்கை டி.வி.யில் காட்டினான்.

“பாரு பிரியா. ரெண்டு வருஷ ஃபீஸ் ஒண்ணு அறுபது. வேலையை விடுறதால போற சம்பளம் மூணு முப்பத்தாறு. பஸ், ஆட்டோ நாப்பத்தெட்டாயிரம். நீ காலேஜ் போனா சமையலுக்கு ஆள் வைக்கணும், மாசம் எட்டாயிரம், அது ஒரு ஒண்ணு தொண்ணூத்திரண்டு. ஆக மொத்தம் ஏழு லட்சத்து முப்பத்தாறாயிரம். டிகிரி வந்தா மாசம் நாலாயிரம் கூடக் கிடைக்கும்னு வச்சுக்க. போட்ட காசு திரும்ப வர பதினஞ்சு வருஷம் நாலு மாசம்.”

“அப்ப எனக்கு அம்பத்துமூணு வயசு.”

“சும்மா சொல்லக் கூடாது, கணக்குல புலிடி நீ.”

பத்மப்ரியா டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றாள். “ஏங்க, இந்தச் சமையல் எட்டாயிரம், இத்தனை நாளா எந்தக் கட்டத்துல இருந்துச்சு?”

“எந்தக் கட்டத்துலயும் இல்லையே. நீதானே சமைக்கிறே?”

“நான் சமைச்சா சைபர். இன்னொருத்தி சமைச்சா எட்டாயிரமா? பன்னெண்டு வருஷத்துக்கு என்ன ஆச்சுன்னு போடுங்க.”

போட்டான். கைவிரல் தானாகத் தட்டிவிட்டது, பழக்கதோஷம். பதினொரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் என்று வந்தது.

“இப்ப படிப்புச் செலவைக் கழிங்க.”

கழித்தான். நாலு லட்சத்துப் பதினாறாயிரம்.

“அதை நீங்க எனக்குத் தரணும். தவணையா தந்தாலும் சரி.”

சோபாவில் கிடந்த மகள் ஹர்ஷிதா துள்ளி எழுந்தாள். பத்து வயது, தமிழ் புரியும், வாயில் தெலுங்குதான் வரும். “அம்மா கெலிச்சிந்தி! அப்பா அவுட்!”

தமிழ்ச்செல்வன் ரிமோட்டைக் கீழே வைத்தான். “சரி, ஒத்துக்கிறேன். ஆனா அந்த நாலாயிரம் நான் சும்மா குத்துமதிப்பா போட்டதுதான். ஸ்கூல்ல உண்மையா எவ்வளவு தருவாங்கன்னு கேட்டுட்டு வா.”

திங்கள் காலை பள்ளித் தாளாளர் வரதராஜனிடம் கேட்டாள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற தமிழர். பேச்சில் ஹைதராபாத் உருது கலந்து வரும்: ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘கைக்கு’ என்றால் எதற்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.

“ஹவ்மா, பி.எட். பண்ணுங்க, பேஷா பண்ணுங்க! நம்ம போர்டுலயும் பெரிசா போட்டுக்கலாம். சம்பளமா? கைக்கு இப்பவே அந்தப் பேச்சு? இது தெய்வத்தொண்டும்மா. புண்ணியம்.”

“சாஹித்யா வீட்ல இதுக்குன்னே மாசம் இருபத்தாறாயிரம் வாங்குறீங்களே சார்?”

“அது ஃபீஸ்மா.”

“அப்ப கணக்கு சார் செய்யறது தொண்டு இல்லையா? அவருக்கு நாப்பதாயிரம் தர்றீங்க.”

“அவருக்குக் குடும்பம் இருக்கு.”

“எனக்கு?”

“உங்களுக்கு ஹஸ்பெண்ட் இருக்காரே!”

அவளுக்குக் கோபம் வருவதற்கு முன் சிரிப்பு வந்துவிட்டது. சொன்ன மனிதர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. ஒரு தாளை நீட்டினாள். “டிகிரியோட வந்தா என்ன தருவீங்கன்னு இதுல எழுதிக் குடுங்க சார்.”

“எழுத்தெல்லாம் நக்கோம்மா. நம்பிக்கைதான் முக்கியம்.”

நம்பிக்கையை வைத்துக்கொண்டு மௌலா அலியில் வாடகை கட்ட முடியாது. தொண்டு என்ற ஒரு சொல்லை வைத்து எத்தனை பெண்களின் கூலியை விழுங்கியிருக்கிறார்கள் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் புத்தகம் தடியாக வரும்.

அப்படியானால் படிக்க வேண்டாம் என்பதுதானே கணக்கின் முடிவு? மதிய உணவு நேரத்தில் பத்மப்ரியாவும் அதையே நினைத்தபடி சாஹித்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து போன மாதம்தான் முதல் சொல் வந்தது. பூரி தீர்ந்ததும், “இங்கொக்கடி” என்று இன்னொன்று கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்குப் பதினோரு மாத உழைப்பு. பத்மப்ரியா படம் காட்டினாள், பாட்டுப் பாடினாள், பூரியை மறைத்து வைத்தாள். எது வேலை செய்தது என்று அவளுக்கே தெரியாது. வரதராஜன் அதைக் கடவுள் கிருபை என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார். கிருபைக்கு வழிமுறை கிடையாது. அடுத்த குழந்தைக்கு அதை வைத்துச் சொல்லித் தர முடியாது. எது, ஏன் வேலை செய்தது என்று தெரிந்தாக வேண்டும்.

போனை எடுத்து, தன் சொந்தக் கணக்கிலிருந்து முதல் வருடத்துக்கு எண்பதாயிரம் கட்டினாள். பிறகு தமிழ்ச்செல்வனை அழைத்தாள். “கட்டிட்டேன். படிச்சு முடிச்சதும், எழுதிக் குடுக்கிற ஸ்கூலா பாத்துச் சேருவேன்.”

“அந்த நாலு லட்சம்…?”

“அது தனி. முதல்ல நாளைலருந்து சாம்பார் வைக்கக் கத்துக்கங்க.”

அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போகும்போது நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே பயிற்சி பெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியர் எத்தனை பேர்? அவர்களுக்கு மற்ற ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளம் உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘தொண்டு’ என்றால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.