சும்மா உட்கார்ந்து வருகிறவள்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. கொண்டை வண்டி டிரைவர் என்றால்தான் தெரியும். டிரைவர் இல்லாமல் தானே ஓடும் காரைச் சோதித்துப் பார்க்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. அந்தக் காரின் கூரைமேல், ரோட்டைப் பார்ப்பதற்காக, ஒரு டப்பா ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்குக் கார் கொண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய மாதிரி இருக்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இவள் உட்கார்ந்திருக்க வேண்டும். கார் தப்புப் பண்ணினால் சட்டென்று பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அது லேசில் தப்புப் பண்ணாது. அதுதான் தொல்லையே.

எதிர்வீட்டு டெய்லர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார். "ஏம்மா, நீயும் ஒரு டிரைவர்தானே? இந்த வண்டி ஓடக் கத்துக்கிட்டா உன் பொழப்பு என்னாகும்? உன் வேலைக்கு நீயே வேட்டு வெச்சுக்கிறியே!"

"கத்துக்கட்டும் அண்ணே, சீக்கிரம் கத்துக்கட்டும். நான் பின்சீட்ல காலை நீட்டிப் படுத்துக்கிறேன்" என்பாள் அவள். அவர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார். அவள் நிஜமாகத்தான் சொன்னாள்.

சும்மா இருப்பது என்றால் ஏதோ கொடுத்துவைத்த வாழ்க்கை என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த சீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டு கையும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, அதற்காக மடியிலும் வைக்கக் கூடாது. தொட்டும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கால் பிரேக்குக்கு மேலேயே மிதக்க வேண்டும். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. கண்ணுக்கு நேரே ஒரு குட்டிக் கேமரா. கண் கொஞ்சம் அசந்தால் 'பீப்' என்று கத்தும். கொட்டாவி விட்டாலும் கத்தும். பின்சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் பெண், பாவம், நல்ல பெண்தான், "அக்கா, டயர்டா?" என்று கேட்டுவிட்டு அதையும் ரிப்போர்ட்டில் தட்டி ஏற்றிவிடுவாள். ஒவ்வொரு வளைவிலும் 'இப்போது திரும்புமா, திரும்பாதா' என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது அழகாகத் திரும்பிவிடும். அடுத்த வளைவு வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதே கூத்துதான்.

இதற்கு முன்னால் அவள் ஸ்கூல் வேன் ஓட்டினாள். அந்தச் சத்தத்திலும் சண்டையிலும் வாந்தியிலும் வராத அலுப்பு இதில் வந்தது. இடுப்பு வலி தாங்காமல்தான், சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று இதற்கு வந்தாள். நன்றாக வந்தாள், போங்கள்!

வீட்டில் இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. கணவன் ஏசி மெக்கானிக். மொட்டைமாடி வெயிலில் வெந்து, கை முழுக்கக் கிரீஸோடு வருவான். அவன் களைப்பைப் பார்த்தாலே தெரியும். இவள் போட்ட உடை கசங்காமல் வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு சோபாவில் விழுவாள். மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"சும்மா உக்காந்துட்டு வர்றவளுக்கு என்ன அசதியோ? என்னமோ கல்லு உடைச்சுட்டு வந்த மாதிரி விழறா!"

மாமியார் கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. புதன்கிழமை தவறாமல் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். மகனுக்கு லீவு கிடைக்காது. மருமகள்தான் அரைநாளோடு வந்து, வீட்டுக் காரில் கூட்டிப்போவாள். அது பழைய சின்னக் கார். பின்பக்க இடது கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். ஏசி மெக்கானிக் வீட்டுக் காரில் ஏசி வேலை செய்யாது. மாமியார் முதலாளி மாதிரி பின்சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக உறவுக்காரர்களின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிக்கொண்டே வருவார்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க் தாண்டியதும் ரோடு வலதுபக்கம் வளையும். வளைவில் ஒரு செடிக்கடை. வாசலில் மண்தொட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். நூறு தடவையாவது அவள் திரும்பியிருக்கும் வளைவு. வளைவு வந்தது. அவள் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள், தூக்கமெல்லாம் இல்லை. ஆனால் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றன. கார் திரும்பட்டும் என்று காத்திருந்தாள்.

அது எப்படித் திரும்பும்? கொண்டையில்லாத கார். நேராகப் போய்த் தொட்டிகளில் மோதியது.

நல்லவேளை, வேகம் இல்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டிகள் நொறுங்கிவிட்டன, கார் மூக்கு நசுங்கிவிட்டது. கடைக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்து, "கண்ணு தெரியலையா? எங்க பாத்து ஓட்டறே?" என்று கத்தினார். அவள் அந்தரத்தில் நின்ற தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினார்.

"நாய் குறுக்க வந்துடுச்சுப்பா. உசிரு ஆச்சே, என்ன பண்றது? உடைஞ்சதுக்குக் குடுத்துடறோம், கத்தாதே."

ராத்திரி மகனிடமும் அதே நாய்தான் குறுக்கே வந்தது. "என்ன நாய்?" என்று அவன் கேட்டதற்கு, "கறுப்பு நாய், இத்தனை பெரிசு" என்று கையை விரித்தே காட்டிவிட்டார். அவள் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பொய், திட்டியிருந்தால்கூடத் தராத பயத்தைத் தந்தது. அத்தை பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மறைக்கிறார் என்றால், மறைக்க வேண்டிய அளவுக்குத் தனக்கு ஏதோ ஆகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டுக் காரைத் தொடவில்லை. வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். பத்தொன்பது வயதில் பிடித்த ஸ்டியரிங். இந்த உலகத்தில் தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று அவள் நினைத்த ஒரே விஷயம் வண்டி ஓட்டுவது. அதுவும் போய்விட்டதா? ஒரு காருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போய், தான் மறந்துவிட்டாளா? யாரிடம் கேட்பது? கம்பெனியில் சொன்னால் வேலை போகும், வீட்டில் சொன்னால் சாவி போகும்.

மறுபடியும் புதன்கிழமை வந்து நின்றது.

"டாக்ஸி வரச் சொல்லிடறேன் அத்தை" என்றாள்.

"எதுக்கு? மூக்கைத்தான் சரி பண்ணிட்டானே உன் புருஷன்." மாமியார் நொண்டி நொண்டிப் போய், என்றைக்கும் இல்லாத வழக்கமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "வந்து உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை.

"அன்னைக்கு உன் கை ஸ்டியரிங்மேல இல்ல" என்றார் மாமியார். "மேல தூக்கிட்டு இருந்தே. நான் பாத்தேன். தூங்கிட்டியா?"

"இல்லத்தை. தானா திரும்பும்னு இருந்துட்டேன்."

"அடிப்பாவி!" மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"பயமா இருக்கு அத்தை" என்றாள் அவள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை வெச்சுக்கிட்டுத் திரும்பவும் அப்படிப் பண்ணிட்டேன்னா?"

"அழாதே. நீ ஓட்டு. நான் உன் கையையே பாத்துட்டு வர்றேன். எடுத்தா ஒரு சத்தம் போடறேன். வேற எனக்கு என்ன வேலை, சும்மாதானே உக்காந்து வரப் போறேன்?"

கார் கிளம்பியது. மாமியார் அன்றைக்கு யாரைப் பற்றியும் பேசவில்லை. சீட்டில் சாயவுமில்லை. முன்னால் குனிந்து, மருமகளின் கையை ஒரு பார்வை, ரோட்டை ஒரு பார்வை என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்றபோது அவள் ஒரு கையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "கை!" என்று கத்தினார். பக்கத்து ஸ்கூட்டர்காரன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

பெட்ரோல் பங்க் தாண்டியது. வளைவு வந்தது. செடிக்கடைக்காரர் இவர்களைப் பார்த்ததும் ஒரு ரோஜாத் தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். ஓரக்கண்ணில் அவளுக்கு மாமியார் தெரிந்தார். அவருடைய இரண்டு கையும் எழும்பி, தொட்டும் தொடாமல், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றன. வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, ஆபரேஷன் செய்த கால். அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துத் திருப்பினாள். கார் திரும்பியது.

ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடி பார்த்து நிறுத்தினாள். மாமியார் இறங்கவில்லை.

"என்னத்தை, முட்டி வலிக்குதா?"

"முட்டி இல்லம்மா. இரு." மாமியார் தலையைப் பின்னால் சாய்த்தார். முகம் வேர்த்திருந்தது. "கழுத்தெல்லாம் பிடிச்சுக்கிச்சு. தோள் விட்டுப்போச்சு. கண்ணு எரியுது. ஒண்ணுமே பண்ணலையே நான், சும்மா உக்காந்துதானே வந்தேன்?"

மாமியார் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். "தினமும் இப்படித்தானா?"

"தினமும்தான் அத்தை."

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்குமா?"

"ஆமா."

"ஐயோ, அம்மாடி" என்றார் மாமியார். கையை நீட்டி, இன்னமும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மடியில் வைத்தார். "வண்டிதான் நின்னுடுச்சே. கொஞ்ச நேரம் கண்ணை மூடு. நானும் மூடிக்கிறேன். திரும்பிப் போறப்பவும் பாக்கணும்ல?"

அவள் கண்ணை மூடினாள். எதுவும் 'பீப்' என்று கத்தவில்லை. பிசியோதெரபிக்கு அன்றைக்கு அவர்கள் ரொம்ப லேட்டாகத்தான் போனார்கள்.